பன்னிரண்டாம் எண் வீட்டுத் திரைச்சீலை

கொக்குத் தெருவில் யாராவது அழுதால் சூப் வரும். மனைவி ரின்ஸ்காவை அடக்கம் செய்த ஒன்பதாம் நாள்தான் ஃபோல்கர்ட்டுக்கு இது தெரியவந்தது. அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு உருளைக்கிழங்கை வேகவைத்து இறக்கியவர், கைப்பழக்கத்தில் இரண்டு தட்டு எடுத்து மேசையில் வைத்துவிட்டார். இரண்டாவது தட்டைப் பார்த்ததும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். சரியாக ஏழாவது நிமிஷம் வாசல் மணி அடித்தது. எதிர்வீட்டு ஹெர்மீனா, ஆவி பறக்கும் பட்டாணி சூப்போடு நின்றாள். தொத்திறைச்சித் துண்டுகள் மேலே மிதந்தன.

"பார்த்தேன்," என்றாள். "சூடா சாப்பிடு. டப்பாவ மெதுவா குடுத்தா போதும்."

அவள் பார்த்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆல்மர்வேன் ஊரில் அந்தத் தெருவின் இருபத்திரண்டு வீடுகளையும் எழுபத்து மூன்றாம் வருஷத்தில் கட்டியவர் ஆஸலிங்க் என்ற கட்டடக் கலைஞர். மனிதருக்குச் சுவர் என்றாலே ஆகாது. வீட்டுக்கு முன்னால் முழுக்கக் கண்ணாடி, பின்னால் முழுக்கக் கண்ணாடி. தெருவில் நின்றால் கூடத்தைக் கடந்து கொல்லைத் தோட்டத்தில் காயும் துணிவரைக்கும் தெரியும். அந்தக் கண்ணாடியில் யாரும் திரைச்சீலை போட்டதில்லை. ஜன்னல் விளிம்பில் ஒரே மாதிரி இரண்டு பூச்சாடி வைப்பார்கள். மானம் மரியாதைக்கு அது போதும் என்று எல்லோரும் நினைத்தார்கள். தெருவில் போகிறவர்கள் உள்ளே பார்ப்பார்கள். பார்க்காத மாதிரியே போய்விடுவார்கள். ஆனால் செத்த வீட்டுக்கு இந்த நாகரிகம் செல்லாது போலிருக்கிறது. மறுநாள் கண்ணைத் துடைத்ததுதான் தாமதம், பதினாலாம் எண் வீட்டிலிருந்து பழைய பல் டாக்டர் வெர்ஹூல் ஆப்பிள் கேக்கோடு வந்துவிட்டார், கூடவே அவருடைய கிழட்டு நாயும்.

ஃபோல்கர்ட் முப்பத்து நாலு வருஷம் பஸ் ஓட்டியவர். அறுபது பேர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குப் பழக்கம்தான். முகத்தைப் பார்ப்பதுதான் தாங்கவில்லை. அழுகை என்பது ஒரு பெரிய வேலை. அதில் மூக்கு ஒழுகும், வாய் கோணும், செத்தவளைப் பேர் சொல்லித் திட்டவும் வேண்டியிருக்கும். நடுவில் மணி அடித்து, கதவைத் திறந்து, நன்றி சொல்லி, டப்பாவை வாங்கி வைத்துவிட்டுத் திரும்ப வந்தால் விட்ட இடம் எங்கே பிடிபடுகிறது? இரண்டு வாரத்தில் அவருடைய ஃப்ரீஸரில் பதினோரு டப்பா பட்டாணி சூப் சேர்ந்தது. ஒரு தடவைகூட முழுசாக அழுது முடித்திருக்கவில்லை.

கழிப்பறையில் போய் அழுது பார்த்தார். அங்கே சுவரில் பிறந்தநாள் காலண்டர் தொங்கியது. அந்த ஊரில் எல்லா வீட்டிலும் அது அங்கேதானே தொங்கும். அதில் உறவுக்காரர் பெயரெல்லாம் ரின்ஸ்காவின் கையெழுத்தில் இருந்தன. மார்ச் பதினாலில் மட்டும் பெயர் போடாமல் 'நான்' என்று எழுதியிருந்தாள். அதைப் பார்த்ததும் ஃபோல்கர்ட்டுக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. ஆனால் முட்டி சுவரில் இடிக்கிற அந்தப் பொந்துக்குள் மனிதன் எவ்வளவு நேரம் குனிந்து அழ முடியும்? வெளியே வந்தால் ஹெர்மீனா வாசலில் நிற்கிறாள். கழிப்பறை விளக்கு இருபத்தைந்து நிமிஷமாக எரிந்ததாம். வயிற்றுக்கு நல்லது என்று ஒரு பொட்டலம் ரஸ்க் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவருக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்று. கூடத்து மேசையில், ரின்ஸ்காவின் நாற்காலியில் உட்கார்ந்து, ஒருவர் கண்ணிலும் படாமல் வாய்விட்டு அழ வேண்டும். பிள்ளைகுட்டி கிடையாது, வேறு ஆசையும் கிடையாது. ஒரு வியாழக்கிழமை சந்தைக்குப் போய்ச் சாம்பல் நிறத்தில் கனத்த துணி நாலு மீட்டர் வாங்கி வந்தார். தானே ஸ்டூல் போட்டு ஏறி, கம்பி அடித்து, மாட்டி இழுத்து மூடினார்.

தெரு ஆடிப்போய்விட்டது. தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் பன்னிரண்டாம் எண் மூடிக் கிடக்கிறது, யாருக்காவது விவரம் தெரியுமா என்று முதலில் ஒருவர் கேட்டார். உடம்பு சரியில்லையோ என்றார் ஒருவர். வீட்டை விற்கப் போகிறாரோ என்றார் இன்னொருவர். மூடிய ஜன்னல், தனியாக இருக்கும் ஆள், உள்ளே விளக்கு — இதையெல்லாம் ஒருவர் கூட்டிக் கழித்துப் பார்த்து, கஞ்சாச் செடி வளர்க்கிறார் என்ற முடிவுக்கு வந்தார். அரைமணி நேரத்தில் அதுவே ஊர்ஜிதமான செய்தி ஆகிவிட்டது. மறுநாள் பேட்டை போலீஸ்காரர் சைக்கிளில் வந்து இறங்கி, மின்சார மீட்டரைப் பார்த்தார், மாடிக்குப் போய் முகர்ந்து பார்த்தார், கடைசியில் ஃப்ரீஸரைத் திறந்தார். பதினோரு டப்பாவையும் பார்த்துவிட்டு, இதில் ஒன்றைச் சுடவைக்கலாமா என்று கேட்டார். பாவம், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம். பத்து டப்பா மிஞ்சியது.

போலீஸ் போய் மூன்றாம் நாள் நகராட்சிக் கடிதம் வந்தது. அனுப்பியது ஊர்த்தோற்றக் குழு. கொக்குத் தெரு பாதுகாக்கப்பட்ட கட்டடக் கலைத் தொகுப்பு. அதன் உயிர்நாடி, தெருவிலிருந்து கொல்லைவரை தடையில்லாமல் ஓடும் பார்வைக் கோடு. இருபத்திரண்டு கோடுகளில் ஒன்று இப்போது அறுந்திருக்கிறது. பதினாலு நாளுக்குள் துணியை அகற்றவும், அல்லது விசாரணைக்கு வரவும். ஃபோல்கர்ட் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். வாழ்நாளில் ஒருத்தரையும் எதிர்த்துப் பேசாதவருக்கு அன்றைக்கு எங்கிருந்தோ ரோஷம் வந்தது. விசாரணைக்குப் போவது என்று தீர்மானித்துவிட்டார்.

நூலகத்து மாடியில் விசாரணை. வாசலில் ஆளுக்கு ஒரு காபி, ஒரு பிஸ்கட். கொடுத்ததும் பிஸ்கட் டின் மூடப்பட்டது. தெருவே திரண்டு வந்திருந்தது. குழுவின் செயலாளர் ஒடீலியா, சிவப்புச் சட்டம் போட்ட பெரிய கண்ணாடிக்காரி, நல்ல பெண்மணி. ஆஸலிங்கின் பழைய வரைபடங்களைத் திரையில் போட்டுக் காட்டி, வெளிச்சம் எப்படி ஒரு வீட்டுக்குள் நுழைந்து மறுபக்கம் போகிறது என்று விளக்கும்போது அவளுக்கே கண் கலங்கியது. அவளுக்கு யாரும் சூப் கொடுக்கவில்லை. முடித்துவிட்டு, ஐயா உங்கள் தரப்பு என்ன என்று கேட்டாள்.

ஃபோல்கர்ட் எழுந்து நின்றார். எழுதி வைத்திருந்த காகிதம் கோட்டுப் பையில் இருந்தது. அதை எடுக்கத் தோன்றவில்லை.

"நான் அழணுங்க," என்றார். "அதுக்குத்தான் துணி."

குழுவில் ஒருவர் கோப்பில் பக்கங்களைப் புரட்டினார். ஒடீலியாவுக்கு உதவி செய்யத்தான் ஆசை. விதிப் புத்தகத்தில் சாரம், கட்டடக் குப்பைத் தொட்டி, கிறிஸ்துமஸ் மரம் ஆகியவற்றுக்குத் தற்காலிக அமைப்பு என்று ஒரு பிரிவு இருந்தது. பன்னிரண்டு வாரம் வரைக்கும் அனுமதி கொடுக்கலாம். படிவத்தில் முடிவுத் தேதியை மட்டும் நிரப்ப வேண்டும். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் மென்மையாகவே கேட்டாள்.

"எவ்வளவு நாள் அழுவீங்கன்னு உத்தேசமா சொல்ல முடியுமா?"

"தெரியலங்க. நாப்பத்தோரு வருஷம் கூட இருந்தவ."

"அப்போ பன்னிரண்டு வாரத்துல முடியாது, இல்லையா?"

"முடியாதுன்னுதான் தோணுது."

"அப்படின்னா இது தற்காலிகம் இல்ல. நிரந்தர அமைப்பு. அதுக்கு வேற படிவம்," என்று அவள் பேனாவை மூடினாள். நிரந்தர அமைப்புக்கு அனுமதி கிடையாது என்பதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் இருந்தவர் சொன்னார்.

அப்போதுதான் பின்வரிசையில் பாஸ்டியான் கையைத் தூக்கினான். ஊர் முனை ரவுண்டானாவில் நாலு மீட்டர் உயரத்துக்கு எஃகில் ஒரு உருளைக்கிழங்கு நிற்கிறதே, அதைச் செய்த சிற்பி அவன்தான். அதற்கு அவன் வைத்த பெயர் 'சந்திப்பு'. ஊரில் ஒரு குழந்தைகூட அதை அப்படிச் சொன்னதில்லை. உருளைக்கிழங்கில் இடதுபக்கம் திரும்பு என்றுதான் வழி சொல்வார்கள். அந்த மனக்குறையோடு பிஸ்கட்டுக்காகக் கூட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தவன், இன்றைக்குத் தன் நேரம் வந்துவிட்டதென்று கண்டுகொண்டான். விதி என்ன கேட்கிறது, தெருவிலிருந்து கூடமும் தோட்டமும் தெரிய வேண்டும், அவ்வளவுதானே? கூடத்தையும் தோட்டத்தையும் திரைச்சீலையின் வெளிப்பக்கத்தில் அப்படியே வரைந்துவிட்டால் தெரியும்தானே? ஐயா உள்பக்கம் என்ன செய்தால் என்ன என்று கேட்டான்.

குழு கூடிக் கூடிப் பேசியது. ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. பிஸ்கட் டின்னை இரண்டாம் முறை திறந்தார்கள் என்று சொன்னால் விஷயத்தின் கனம் உங்களுக்கே புரியும். கடைசியில் அனுமதி கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு: ஓவியன் தன் கற்பனையைக் காட்டக் கூடாது, குழுவின் கோப்பில் உள்ள கடைசிக் கணக்கெடுப்புப் புகைப்படத்தில் பன்னிரண்டாம் எண் எப்படி இருக்கிறதோ அப்படியே, அச்சுப் பிசகாமல் இருக்க வேண்டும். ஃபோல்கர்ட் எதையும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். துணி கிடைத்தால் போதும் அவருக்கு.

பாஸ்டியான் ஆறு வாரம் வரைந்தான். அந்த ஆறு வாரமும் சாம்பல் துணியைக் கழற்றிவிட்டு ஃபோல்கர்ட் அழாமல் இருந்தார். எப்படி இருந்தார் என்பது அவருக்குத்தான் வெளிச்சம். நகராட்சி ஆட்கள் வந்து புதுச் சீலையைக் கண்ணாடியை ஒட்டி மாட்டியபோது அவர் உள்ளே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கம் வெறும் வெள்ளைத் துணி. வெளியே வந்து பாருங்கள் ஐயா என்று பாஸ்டியான் கெஞ்சினான். அப்புறம் பார்க்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றைக்கு அழுதார் பாருங்கள், அதுதான் அழுகை. ரின்ஸ்காவின் நாற்காலியில் உட்கார்ந்து, மேசையைக் குத்தி, எனக்கு முந்திப் போக உனக்கு என்னடி அவசரம் என்று அவளைக் கேட்டார். ஏழு நிமிஷம் ஆனது. பத்து ஆனது. முக்கால் மணி ஆனது. மணி அடிக்கவில்லை. மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது. ஃப்ரீஸரிலிருந்து ஒரு டப்பா எடுத்துச் சுடவைத்துக் குடித்தார்.

இப்படியே பத்து நாள், பத்து டப்பா. கடைகண்ணிக்குப் போவதென்றால் எல்லோரையும் போல அவரும் கொல்லைப்புறச் சந்து வழியாகத்தான் சைக்கிளை எடுப்பார். வாசல் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டிய வேலையே இல்லை. பதினோராம் நாள் அழுது முடித்து ஃப்ரீஸரைத் திறந்தால் காலி. அப்போதுதான் அவருக்கு உறைத்தது, இந்தப் பத்து நாளும் ஒரு ஜீவன் அவர் வாசலுக்கு வரவில்லை. இதைத்தானே கேட்டோம் என்று தன்னையே அதட்டிக்கொண்டு பல்பொருள் அங்காடிக்குப் போனார். பட்டாணிப் பாக்கெட்டுகளுக்கு எதிரே ஹெர்மீனா நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"காலைலகூட உங்க ரெண்டு பேருக்கும் கை காட்டினேன்," என்றாள்.

"எந்த ரெண்டு பேருக்கு?"

"உனக்கும் ரின்ஸ்காவுக்கும்தான். அவ பதிலுக்குக் காட்டுறா. நீதான் பேப்பர்ல மூஞ்சியப் புதைச்சுக்கிட்டு யாரையும் கண்டுக்க மாட்டேங்கிற."

ஹெர்மீனாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்றுதான் ஃபோல்கர்ட் முதலில் நினைத்தார். பிறகுதான் தான் இன்னும் பார்க்காத சீலையின் வெளிப்பக்கம் நினைவுக்கு வந்தது. வாங்கியதை அங்கேயே போட்டுவிட்டு சைக்கிளை மிதித்து, சந்துக்குள் திரும்பாமல், தெரு வழியாக வந்து தன் வீட்டு வாசலில் இறங்கினார்.

கணக்கெடுப்புக்காரன் போன வருஷம் வசந்தத்தில் வந்திருக்கிறான், காலை நேரம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூடம், மேசை, கொல்லையில் அவருடைய இரண்டு சட்டை காய்கிறது. மேசையில் ரின்ஸ்கா உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு குவியல் பீன்ஸ், இடதுகையில் சின்னக் கத்தி. படம் எடுக்கிறவனை யாரோ தெரிந்தவர் என்று நினைத்துவிட்டாள். வலதுகையைத் தூக்கிக் காட்டி, வாயைத் திறந்து சிரிக்கிறாள். நீல ஸ்வெட்டரின் முழங்கைத் தையல்கூட அப்படியே இருந்தது. பாஸ்டியான் உருளைக்கிழங்கில் கோட்டைவிட்டதையெல்லாம் இதில் பிடித்துவிட்டான். எதிர் நாற்காலியில் ஒரு ஆள். முகத்துக்கு நேரே விரித்த செய்தித்தாள், மேலே கொஞ்சம் வழுக்கை, அவ்வளவுதான் தெரிந்தது.

ஃபோல்கர்ட்டுக்கு அந்த ஆளின் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அவள் கைக்கெட்டும் தூரத்தில், உயிரோடு, சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த மடையன் கால்பந்துச் செய்தி படித்துக்கொண்டிருக்கிறான். பேப்பரைக் கீழே வைடா, அவளைப் பாருடா என்று சத்தம் போட வேண்டும் போலிருந்தது. தெருவே அவளைப் பத்து நாளாகப் பார்த்திருக்கிறது. பார்க்காதவர் அவர் ஒருவர்தான். அந்தப் பக்கத்தில் வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்கார்ந்து தனிமை வேண்டும் தனிமை வேண்டும் என்று அழுதுகொண்டிருந்தார். சைக்கிளைப் பிடித்தபடி நடைபாதையில் நின்று, ஊர் பார்க்க, முகத்தை மறைக்காமல் அழுதார்.

வெர்ஹூல் நாயோடு வந்தார். ஜன்னலைப் பார்த்தார், தம்பதி சௌக்கியமாகத்தான் இருந்தார்கள். அவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, ஃபோல்கர்ட்டிடம் மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு நடந்தார். நாய் மட்டும் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தது. ஏழு நிமிஷம் ஆனது. பத்து ஆனது. ஹெர்மீனா கடையிலிருந்து வந்து, கோட்டைக் கழற்றி, தன் ஜன்னலில் நின்று கையை ஆட்டினாள். அவருக்கு அல்ல, அவர் தலைக்கு மேலே, ஜன்னலுக்குள் இருந்தவளுக்கு.

ஃபோல்கர்ட் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, தெருவைக் குறுக்கே கடந்து, எதிர்வீட்டு மணியை அடித்தார்.

கதவைத் திறந்த ஹெர்மீனா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தோளுக்கு மேலாக எதிர் ஜன்னலைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

"அங்க நல்லாத்தானே உக்காந்திருக்க," என்றாள் குழப்பமாக.

"அது நான் இல்ல ஹெர்மீனா. நான் இங்க அழுதுகிட்டு நிக்கிறேன். சூப் இருக்கா?"

அவள் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், மேசையில் தான் வழக்கமாக உட்காரும் நாற்காலியை ஜன்னலுக்கு நேராகத் திருப்பிப் போட்டாள். சூப்பை ஊற்றி வைத்துவிட்டு, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் பன்னிரண்டாம் எண் கூடம் முழுசாகத் தெரிந்தது. ஃபோல்கர்ட் ஒரு கரண்டி குடித்தார், கொஞ்சம் அழுதார், இன்னொரு கரண்டி குடித்தார். ஹெர்மீனாவும் அழ ஆரம்பித்தாள். முப்பது வருஷம் அவளுக்கும் ரின்ஸ்காவுக்கும் காலை காபி ஒன்றாகத்தானே.

ரின்ஸ்கா இன்னும் கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். ஃபோல்கர்ட் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அவளை நேராகப் பார்த்து, பதிலுக்குக் கையைத் தூக்கினார்.

ஹெர்மீனாவின் ஜன்னலில் திரைச்சீலை கிடையாது. ஏழாவது நிமிஷம் வாசல் மணி அடித்தது. வெர்ஹூல் நின்றுகொண்டிருந்தார், கையில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு முழு ஆப்பிள் கேக்.